ஏட்டு இதயம் உதவுமா?



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நம் சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக இரப்பர்க் குழாயும், புனலும், பலூனும், சுண்ணக்கட்டியும் வாங்கிய செலவுக் கணக்கைப் பொருளாளர் படித்தார். உடனே அந்த நண்பர், "நாம் நடத்துவது வகுப்பா, திருவிழாக் கடையா?" என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பின் சிரிப்பு மறைந்துவிட்டது; கேள்வி மட்டும் நின்றது.

அது கேட்கத் தகாத கேள்வி அன்று. செலவான பணம் நம் எல்லோருடைய சந்தாப் பணம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு முடிவும் எடுக்கப்போகிறோம். வரும் ஆண்டுக்கென ஒதுக்கும் தொகையில் தேர்வு வினாவிடைத் தொகுப்புகள் வாங்குவதா, செய்முறைப் பொருள்கள் வாங்குவதா என்பதே அம்முடிவு. ஆகவே வகுப்பு நடத்தியவர்களுள் ஒருவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எழுதுகிறேன். ஒத்துக்கொள்வோர் ஒத்துக்கொள்க, மறுப்போர் அடுத்த இதழில் மறுத்து எழுதுக.

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த தோழர்களுக்கு ஒரு சொல். நம் வளாகத்திற்குச் சற்றுத் தொலைவில், வேலை தேடித் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு ஒன்று உள்ளது. அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். தெருவில் இந்தி பேசுவார்கள். பள்ளியிலோ இந்தியில் பாடம் படிப்பார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் ஞாயிறுதோறும் நம்மிடம் வருகிறார்கள்.

முதல் நாள் வகுப்பில், "இதயம் என்ன செய்கிறது?" என்று கேட்டேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன என்பதில் தொடங்கி, மூச்சு விடாமல் அரைப் பக்கத்தை ஒப்பித்தாள். ஒரு சொல்லும் பிழையில்லை. "உன் இதயம் எங்கே இருக்கிறது?" என்றேன். திரைப்படக் கதாநாயகர்கள் கை வைப்பார்களே, அப்படி இடத் தோளின் அருகே கை வைத்தாள். "இப்போது துடிக்கிறதா?" என்றேன். சற்றுத் திகைத்தாள். பிறகு, "தெரியவில்லை அண்ணா, புத்தகத்தில் போடவில்லை" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் சில மாதங்களுக்கு முன்புதான் நானும் என் தோழர்களும் அந்தச் சிறுமியின் நிலையிலேயே நின்றிருந்தோம்.

நான் அப்போது தங்கியிருந்த விடுதியில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அண்ணாச்சி ஒருவர் சமையல் செய்துவந்தார். ஒருநாள் இரவு உணவு பரிமாறும் வேளையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஒன்பது பேர். அவர்களுள் உயிரியலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் ஐவர். அந்த ஐவருள் நானும் ஒருவன். நாங்கள் என்ன செய்தோம்? முகத்தில் தண்ணீர் தெளித்தோம். செய்தித்தாளை மடித்து விசிறினோம். காலணியைக் கழற்றினோம். ஒருவன் வண்டிக்கு ஓடினான். மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "யாராவது நெஞ்சை அழுத்தினீர்களா?" என்பது. எவரும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி திரும்பி வரவில்லை.

அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூற எவராலும் இயலாது. ஆனால் துடிப்பு நின்ற இதயத்தின் வேலையை வெளியிலிருந்து இரு கைகள் சிறிது நேரம் செய்ய முடியும் என்பதும், அந்தச் சிறிது நேரத்தில்தான் மூளையின் உயிர் இருக்கிறது என்பதும் உண்மை. இதயத்தின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, வண்ணம் தீட்டி மதிப்பெண் பெற்ற நமக்கு, அப்படம் ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் இருக்கிறது என்பது அன்று நினைவுக்கு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு இதயம் அன்று எதற்கு உதவியது?

ஆகவேதான் குழாயும் பலூனும் வாங்கினோம், தோழர்களே. அவற்றைக் கொண்டு என்ன செய்தோம் என்பதையும் கூறிவிடுகிறேன்.

முதலில் நாடி. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், நாடி துடிக்கும் இடத்தில் பிசைந்த கோதுமை மாவை மொச்சைக்கொட்டை அளவு வைத்து, அதில் ஒரு தீக்குச்சியைச் செங்குத்தாக நட்டோம். கையை மேசைமீது அசையாமல் வைத்தால், குச்சி மெல்ல ஆடுகிறது. நெஞ்சுக்குள் நடப்பது மணிக்கட்டில் தெரிகிறது! பிறகு விரல்களால் எண்ணச் சொன்னோம். பார்ப்பவரின் கட்டைவிரலிலேயே துடிப்பு உண்டாதலால் அது குழப்பும். மற்ற விரல்களையே வைக்கவேண்டும். நம் ஊர்ச் சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதை இப்பிள்ளைகளின் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது ஓர் எண்ணிக்கை. மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கிய பின் ஓர் எண்ணிக்கை. ஐந்து நிமிடம் ஓய்ந்த பின் மற்றோர் எண்ணிக்கை. மூன்றையும் கட்டம் போட்ட தாளில் குறித்தார்கள். உடல் கேட்டதற்கேற்ப இதயம் கொடுக்கிறது என்ற பாடத்தை அந்தத் தாளே கற்பித்துவிட்டது.

இரண்டாவது, கேட்டல். 1816ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர் இலேன்னெக், ஒரு நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்கத் தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்தார். இன்று மருத்துவர்களின் கழுத்தில் தொங்கும் கருவிக்கு அந்தத் தாள்தான் தாய். எங்கள் பிள்ளைகளும் தாளைச் சுருட்டிக் கேட்டார்கள். பிறகு புனலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன் காம்பில் இரப்பர்க் குழாயைச் செருகிக் கேட்டார்கள். 'லப்-டப்' என்பது கதவு சாத்தும் ஓசை என்று அப்போது கூறினோம். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது முதல் ஒலி. இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்களின் வாயிலுள்ள வால்வுகள் மூடும்போது இரண்டாவது ஒலி.

மூன்றாவது, தண்ணீர் விளையாட்டு. ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதனின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கிறது. தேநீர்க் கடைக் கோப்பையில் 70 மில்லிலிட்டருக்குக் கோடு போட்டுக் கொடுத்து, ஒரு வாளியிலிருந்து மற்றொரு வாளிக்கு நிமிடத்தில் 72 முறை ஊற்றச் சொன்னோம். அதாவது ஐந்து லிட்டர். எவராலும் சிந்தாமல் முடிக்க முடியவில்லை, கை ஓய்ந்துவிட்டது. "இரவும் பகலும் ஊற்றினால் எவ்வளவு?" என்று கணக்குப் போடச் சொன்னோம். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துடிப்புகள். ஏழாயிரம் லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரியின் முன் குடத்துடன் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். பதினைந்து லிட்டர்க் குடமானால் நாளொன்றுக்கு 480 குடங்களுக்கு மேல் என்று அவர்களே கணக்கிட்டார்கள். ஒரு சிறுவன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு தண்ணீர் சுமக்கிறதா?" என்றான்.

இந்தக் கணக்கு வெறும் விளையாட்டன்று. 1628ஆம் ஆண்டில் இரத்த ஓட்டத்தைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஆர்வி இவ்வகைக் கணக்கைக் கொண்டே பழைய கொள்கையை வீழ்த்தினார். உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் புதிது புதிதாக இரத்தம் செய்கிறது என்று அதுவரை நம்பினர். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம், உடலில் உள்ள இரத்தம் முழுவதையும்விட மிகுதி என்று ஆர்வி காட்டினார். அவ்வளவும் எங்கே போகும்? சுற்றித்தான் வரவேண்டும்! வாளியும் கோப்பையும் கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளை அதே முடிவுக்கு வருகிறது.

ஆர்வி செய்த மற்றொன்றையும் செய்து பார்த்தோம். கல்லும் மண்ணும் சுமந்து உழைத்த தந்தையர் சிலர் பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அவர்கள் முன்கையில் சிரைகள் கயிறுபோல் புடைத்திருக்கும். கையைத் தொங்கவிட்டு, சிரையின் கீழ்ப்பக்கத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தை முழங்கைப் பக்கம் வழித்துவிட்டால், வழித்த இடம் வெறுமையாகவே நிற்கும். மேலே போன இரத்தம் திரும்பி இறங்காது. கீழ்விரலை எடுத்தவுடன் சிரை நிரம்பும். உள்ளே ஒருவழிக் கதவுகள் உள்ளன என்பதைத் தன் தந்தையின் கையில் கண்ட பிள்ளை ஒருநாளும் மறக்காது. தன் கை ஒரு பாடநூல் ஆனதைக் கண்ட தந்தையும் மறக்கமாட்டார்.

நான்காவது, தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த பெரிய இதயம். நான்கு அறைகள், ஒருபுறம் நுரையீரல், மறுபுறம் உடல். வாயில்தோறும் இருவர் கைகோத்து நின்று ஒரு திசையில் மட்டும் வழிவிடுவார்கள். மற்றவர்கள் இரத்தம். உடலிலிருந்து நீலத் தாளுடன் வந்து, வலப்பக்க அறைகளின் வழியே நுரையீரலுக்குப் போய், அங்கே சிவப்புத் தாள் பெற்று, இடப்பக்க அறைகளின் வழியே மீண்டும் உடலுக்குப் போவார்கள். ஒருமுறை சுற்றிவர இதயத்துக்குள் இருமுறை நுழையவேண்டும் என்பதைக் கால்களே கற்றுக்கொண்டன. பிறகு ஒரு வாயில் காவலரிடம், "நீ ஒழுங்காக மூடாதே" என்று காதோடு கூறினோம். நான்கைந்து பேர் பின்னோக்கி ஓடினார்கள், பின்னால் கூட்டம் நெருக்கியது, ஆட்டமே குலைந்தது. வால்வு கெட்டால் என்ன ஆகும் என்பது விளங்கியது. தொண்டைப் புண்ணுக்கு உரிய மருத்துவம் செய்யாது விட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து வால்வுகள் பழுதாகலாம் என்ற செய்தியை அப்போது கூறினோம். அது வீடு வரை போய்ச் சேர்ந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

"இதனால் மதிப்பெண் வருமா?" என்பது முதல் மறுப்பு. ஏழைப் பிள்ளைக்கு மதிப்பெண் வேண்டும். அதை நான் இகழவில்லை. ஆனால் மறுப்போர் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். புனலும் பலூனும் கொண்டு கருவி செய்யும் முறையைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவே 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏழாம் வகுப்பு அறிவியல் நூலில் அச்சிட்டிருந்தது. அது பாடத்துக்குப் புறம்பன்று, பாடமே அது. அச்சிட்டதைச் செய்யாமல், 'செய்து பார்' என்ற தலைப்பையும் சேர்த்து மனப்பாடம் செய்துவந்தவர்கள் நாம்தாம்.

இது புதிய பித்தும் அன்று. மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு பதினாறு பள்ளிகளில் செய்முறைவழி அறிவியல் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. அது பல நூறு பள்ளிகளுக்குப் பரவி, 2002ஆம் ஆண்டில் அரசால் நிறுத்தப்பட்டது. 1978இல் அதில் பங்குகொண்டவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா. தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டியவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். திருவிழாக் கடை என்று அவர் செயலையும் ஒதுக்கிவிடலாமா?

"கைப்பேசியில் இதயம் துடிப்பதை அழகிய வண்ணப்படமாகக் காணலாமே?" என்பது இரண்டாவது மறுப்பு. காணலாம், நாங்களும் காட்டினோம். ஆனால் படத்தில் துடிப்பது பிறருடைய இதயம். எண்ணத் தொடங்கிய பின்தான் அது தன் இதயமாகிறது.

மூன்றாவது மறுப்பு மென்மையான மனமுடையோர் எழுப்பியது: "ஆட்டின் இதயத்தை வகுப்புக்குக் கொண்டுவரலாமா?" இதை நான் மதிக்கிறேன். கறிக்கடைக்காரரிடம் முதல்நாளே சொல்லி, மேற்குழாய்களை நறுக்காமல் ஒன்று வாங்கினோம். அவர் அதைத் 'தில்' என்று கூறித் தந்தபோது, திரைப்பாட்டுகளில் அச்சொல்லைக் கேட்டுப் பழகிய பையன்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அறுத்த பின் சிரிப்பு அடங்கிவிட்டது. இடக் கீழறையின் சுவர் தடித்தது, வலக் கீழறையின் சுவர் மெல்லியது என்பதை விரலால் நெருடி அறிந்தார்கள். ஒன்று உடல் முழுவதற்கும் அனுப்பவேண்டும். மற்றது அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும். பார்க்க விரும்பாத நால்வர் வெளியே அமர்ந்து களிமண்ணால் இதயம் செய்தார்கள். எவரையும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தவும் கூடாது. பின்னர்க் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் பாடத்தில் சேர்ந்ததே.

அன்று ஒரு சிறுவன் கேட்டான்: "எல்லாருக்கும் இரத்தம் கொடுக்கிற இதயத்துக்கு யார் அண்ணா கொடுப்பார்?" அதன் மேற்பரப்பில் கொடிபோல் ஓடும் சிறு குழாய்களைக் காட்டினேன். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடியிலிருந்தே கிளைப்பவை அவை. அவற்றுள் ஒன்று அடைபட்டால் மாரடைப்பு. சொல்லும்போது என் குரல் சற்றுத் தடுமாறியது. அண்ணாச்சியின் முகம் நினைவுக்கு வந்தது.

நான்காவது மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். விளையாட்டுப் பொருள்கள் பொய்யும் சொல்லும். நீலத் தாள் கொடுத்தால், உடலில் நீல இரத்தம் ஓடுவதாகப் பிள்ளை நம்பிவிடும். உண்மையில் அது கருஞ்சிவப்பேயன்றி நீலமன்று. கோப்பையால் ஊற்றினால், இதயம் மொண்டு ஊற்றுவதாக எண்ணிவிடும். அதுவோ தன் தசையால் தானே சுருங்கிப் பிழிந்து தள்ளுகிறது. ஆகவே ஒவ்வொரு விளையாட்டின் முடிவிலும், "இது எந்த இடத்தில் உண்மைக்கு மாறானது?" என்று கேட்டே தீரவேண்டும். அந்தக் கேள்வியில்லாத செய்முறை, நண்பர் கூறியபடி திருவிழாக் கடைதான். அந்த அளவுக்கு அவர் கூற்றை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசி வகுப்பில் பழைய தலையணை ஒன்றைத் தரையில் வைத்தோம். ஒருவர் சாய்ந்து, அழைத்தால் விழிக்காமல், இயல்பாக மூச்சும் விடாமல் கிடந்தால், உடனே 112க்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நெஞ்சின் நடுவே ஒரு கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கை மடியாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். வளர்ந்தவர்க்கு ஐந்து செண்டிமீட்டர் ஆழமாவது அமிழவேண்டும். ஆறுக்கு மேல் வேண்டா. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதும் எழும்ப விடவேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வலிமை இல்லாமலிருக்கலாம். ஆனால் அருகில் நிற்கும் பெரியவரை, "இங்கே அழுத்துங்கள்" என்று ஏவும் அறிவு அதற்கு இருக்கும். எங்கள் ஒன்பது பேருக்கும் இல்லாதிருந்த அறிவு அது.

முதல் நாள் ஒப்பித்த அந்தச் சிறுமி, நாடி எண்ணிய வாரத்தை அடுத்த ஞாயிறன்று ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வீட்டில் உள்ள அனைவரின் நாடியையும் எண்ணி எழுதியிருந்தாள். பாட்டிக்கு 68, அம்மாவுக்கு 80, எட்டு மாதத் தம்பிக்கு 124. "தம்பிக்கு மட்டும் ஏன் அண்ணா இவ்வளவு வேகம்?" என்று கேட்டாள். புத்தகத்தில் போடாத கேள்வி! சிறிய இதயம் ஒரு துடிப்பில் சிறிதளவே தள்ளுமாதலால், அடிக்கடி துடிக்கவேண்டும் என்று கூறினேன். கோப்பையைக் காட்டி, "சின்னக் கோப்பையா?" என்றாள். ஆம், சின்னக் கோப்பைதான்.

வினாவிடைத் தொகுப்புகள் வேண்டாமென்று நான் கூறவில்லை. இரவல் வாங்கியும் படி எடுத்தும் அவற்றைக் கொடுத்துவிடலாம். நம் மூத்த மாணவர்களின் அலமாரிகளில் அவை தூங்குகின்றன. செய்முறைப் பொருள்களுக்கு ஆன செலவு முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. அதை நிறுத்தவேண்டா என்பதே என் வேண்டுகோள். பணத்தைவிட ஆள்தான் மிகுதியாக வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவர் கூடுதலாக வந்தால், குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். அறிவியல் படித்தவராக இருக்கவேண்டும் என்பதில்லை. வரலாறு படிப்பவருக்கும் நாடி உண்டு.

நிதிக்குழு எப்படி முடிவு செய்தாலும், இதைப் படித்து முடித்த தோழர் ஒன்று செய்க. இதழை மடித்து வைத்துவிட்டு, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுக. பிறகு நம் விடுதியில் தலையணை கொண்டு நடத்தும் பயிற்சிக்கு வருக. அடுத்த முறை நம் கண்முன் ஒருவர் சாயும்போது, விசிறிக்கொண்டு நிற்கும் கூட்டமாக நாம் இருத்தல் ஆகாது.